அரை விநாடிக்கு ஒரு முழு நாள்

சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் வாசித்தவர்களுக்கும், ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கும் ஒரு காட்சி மனப்பாடம். புழுதி படிந்த தெரு, அதன் இரு முனைகளில் இருவர், இடுப்பில் தோலுறை, அதில் ரிவால்வர். கண் இமைப்பதற்குள் ஒருவன் விழுவான். முதலில் உருவியவன் பிழைத்தான் என்பது அந்தக் காட்சியின் சட்டம். அமெரிக்காவில் இந்தக் காட்சிக்கு விளையாட்டு வடிவம் உண்டு. அங்கே அதை ‘ஃபாஸ்ட் டிரா’ என்கிறார்கள். உறையில் கிடக்கும் துப்பாக்கியை, சைகை கிடைத்ததும் உருவி, குறியைச் சுட வேண்டும். ஆன நேரத்தைக் கடிகாரம் சொல்லும். தேர்ந்த போட்டியாளர் இதை அரை விநாடிக்குள் முடித்துவிடுவார். பழைய மேற்கின் வழக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி இன்றைய மைதானத்துக்கு வந்து சேர்ந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். சான்றுகளோ வேறு கதை சொல்கின்றன. இது 1950களில் பிறந்த விளையாட்டு. அதைப் பெற்றெடுத்ததில் வேகமான கைகளுக்கு உள்ள பங்கை விட, போட்டியின் அமைப்பை வகுத்தவர்களுக்கு உள்ள பங்கு பெரிது. எப்போது தொடங்குவது, எதைச் சுடுவது, எதனால் சுடுவது, ஒருவருக்கு எத்தனை வாய்ப்பு, சுடுதளத்தில் கிடைக்கும் ஒரு பகலை நூறு பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடைகளே இந்த விளையாட்டின் உண்மையான வரலாறு.

முதலில் பழைய மேற்கைப் பார்ப்போம். தெருவில் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொண்டதற்கு எல்லோரும் காட்டும் சான்று, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் சதுக்கத்தில் 1865 ஜூலை 21 அன்று நடந்தது. ஒரு கடிகாரத்தைப் பற்றிய சண்டையில் வைல்ட் பில் ஹிக்காக் என்பவர் டேவிஸ் டட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 75 கஜ தூரம். அந்தத் தூரத்தில் கைத்துப்பாக்கியால் ஒருவரை வீழ்த்துவதற்கு வேண்டியது நிதானமான குறி. உருவும் வேகத்துக்கு அங்கே வேலை மிகக் குறைவு. அடுத்த புகழ்பெற்ற சம்பவம், 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் ஓ.கே. கோரல் அருகே நடந்த மோதல். அரை நிமிடத்தில் சுமார் 30 குண்டுகள் பாய்ந்தன, மூவர் இறந்தனர். அது பலர் மிக நெருக்கத்தில் நின்று மோதிய கலவரம். நகருக்குள் ஆயுதம் ஏந்தக்கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றப் போன இடத்தில்தான் அது வெடித்தது. ஆக, இருவர், ஒரே சைகை, ஒரே குண்டு, வேகமே தீர்ப்பு என்ற ஒழுங்கு இந்த இரண்டிலும் இல்லை. அந்த ஒழுங்கைக் கொடுத்தது எழுத்து. ஹிக்காக்கின் புகழை ஹார்ப்பர்ஸ் மாத இதழ் 1867இல் நாடெங்கும் பரப்பியது. ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ நாவல் தெருச் சண்டையை நாயகனின் கடமையாகவே வரைந்து காட்டியது. டூம்ஸ்டோன் மோதலில் நின்றவர்களில் ஒருவரான வையாட் ஏர்ப்பைப் பற்றி 1931இல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்த மனிதரைக் காவியத் தலைவன் ஆக்கியது. பின்னால் வந்த சினிமா இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது.

கதை விளையாட்டாக மாறியது தொலைக்காட்சிக் காலத்தில். 1955இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிய ‘கன்ஸ்மோக்’ தொடரின் தொடக்கக் காட்சியே ஒரு தெருச் சண்டை. அதில் எதிரியாக நின்ற ஆர்வோ ஓஜலா, நடிகர்களுக்கு உருவும் வித்தை கற்றுக் கொடுத்தவர். உலோகத் தகடு வைத்த தோலுறையை வடிவமைத்தவர். வாரந்தோறும் வீட்டுக் கூடத்தில் இதைப் பார்த்தவர்களுக்குத் தாமும் உருவிப் பார்க்கும் ஆசை வந்தது. துப்பாக்கித் தொழிலும் அதற்கு ஈடுகொடுத்தது. 1873இல் அறிமுகமாகி, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நின்று போயிருந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை கோல்ட் நிறுவனம் 1956இல் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் 1955இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. இவற்றுக்குச் சற்று முன்பே, கலிஃபோர்னியாவின் பியூனா பார்க்கில் உள்ள நாட்ஸ் பெரி ஃபார்ம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில், சுற்றுலாப் பயணிகளுக்காக ரயில் கொள்ளைக்காரனாக நடித்துவந்த டீ வூலம் என்பவர் 1954இல் முதல் போட்டியை நடத்தினார். இந்த விளையாட்டின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு முன்பும் வேகமாக உருவியவர்கள் இருந்திருப்பார்கள். ‘நான் வேகம், நீ வேகம்’ என்ற வாய்ச்சண்டையைக் கடிகாரத்தின் முன் நிறுத்தி, அதையே பந்தயமாக்கியது அவர் செய்த புதுமை.

கடிகாரத்தின் வரலாறு இன்னும் சற்றுப் பின்னால் போகிறது. மொன்டானாவைச் சேர்ந்த எட் மெக்கிவர்ன், 1932 ஆகஸ்ட் 20 அன்று தெற்கு டகோட்டாவின் லீட் நகரச் சுடுதளத்தில் ரிவால்வரால் ஐந்து குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டார். இன்று நாம் அந்த எண்ணை நம்புவதற்குக் காரணம், அவர் மின்சாரத்தால் இயங்கும் நேரக் கருவிகளைத் தாமே ஆராய்ந்து அமைத்துப் பயன்படுத்தியதுதான். கருவி இல்லாத இடத்தில் வேகம் வெறும் புகழ்ச்சி. கருவி வந்த பிறகுதான் அது ஒப்பிடத்தக்க அளவு. ஆனால் கடிகாரம் வந்ததும் புதிய சிக்கலும் வந்தது. அதை எப்போது தொடங்குவது? நடுவர் ‘சுடு’ என்று சொன்னால், அவர் மூச்சு இழுப்பதைக் கவனித்தே ஒருவர் முந்திக்கொள்ளலாம். ஓட்டப்பந்தயத்தில் வெடிச் சத்தத்துக்குப் பின் 0.1 விநாடிக்குள் கால் அசைந்தால் அது தவறான தொடக்கம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மனித உடலால் அதற்குள் உண்மையாக எதிர்வினை காட்ட முடியாது என்பது அதன் அடிப்படை. வெளிச்சத்தைக் கண்டு கை அசையச் சராசரி மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. மொத்த ஆட்டமே அரை விநாடி என்றால், அதில் ஊகித்து முந்துவதற்கு இடம் கொடுப்பது போட்டியையே விட்டுக்கொடுப்பது. ஆகவே சைகையை மனிதரிடமிருந்து பிரித்து விளக்கிடம் கொடுத்தார்கள். இன்றைய கௌபாய் ஃபாஸ்ட் டிரா முறையில் ‘தயார்’ என்ற கட்டளைக்குப் பின் 2 முதல் 5 விநாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில், குறியின் நடுவில் உள்ள விளக்கு எரியும். எந்தக் கணம் என்பது நடுவருக்கும் தெரியாது. குண்டு தகட்டில் பட்ட அதிர்ச்சியில் கடிகாரம் தானாக நிற்கும். உருவிய வேகமும் குறியின் துல்லியமும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன; தவறவிட்டவருக்கு நேரமே கிடையாது. முழக்கமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய நீதியை ஒரு விளக்கும் ஒரு தகடும் செய்து முடிக்கின்றன.

அடுத்த கேள்வி உயிரைப் பற்றியது. 1950களின் பிற்பாதியில், நிஜத் தோட்டா போட்டுப் பயிற்சி செய்து, தம் தொடையிலும் காலிலும் தாமே சுட்டுக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் பெருகின. சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் ‘குதிரை’ எனப்படும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசையை அழுத்த முடியும். வேகத்துக்காக அந்த இழுப்பை உறைக்குள்ளேயே செய்வார்கள். விரல் ஒரு நொடி முந்தினால் குண்டு காலுக்குத்தான். விளையாட்டு பிழைக்க வேண்டுமானால் நிஜக் குண்டு போக வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. விடை ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் டெவில்லர்ஸ் என்ற மருத்துவர், ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைப் பயிற்சிக்காக மெழுகுக் குண்டை உருவாக்கினார். 1908 லண்டன் ஒலிம்பிக்கின்போது முகக் கவசமும் தடித்த உடுப்பும் அணிந்தவர்கள் ஒருவரையொருவர் மெழுகால் சுட்டுக்கொள்ளும் காட்சிப் போட்டியே நடந்தது. அமெரிக்கர்கள் அதே பொருளை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். வெடிமருந்தே இல்லாமல், தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரின் வெடிப்பு மட்டும் மெழுகைத் தள்ளும். எதிரே மனிதருக்குப் பதில் தகடு. இன்னொரு பிரிவில், குண்டே இல்லாத வெற்றுத் தோட்டாவின் எரிதுகள்கள் சில அடி தூரத்தில் உள்ள பலூனை உடைக்கும். உறையும் மாறியது. குழல் முனை முன்பக்கம் சாய்ந்திருக்க, அதன் கீழே காலைக் காக்கும் உலோகத் தகடு வந்தது.

மெழுகைச் சுடுவது சுடுதலாகுமா என்ற மறுப்பு அன்றே எழுந்தது. அதைத் தீவிரமாக முன்வைத்த தரப்பில் முக்கியமானவர், மரீன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர். அவர் 1950களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் ‘லெதர்ஸ்லாப்’ என்ற போட்டியை நிஜக் குண்டுகளுடன் நடத்தினார். 7 கஜ தூரத்தில் 18 அங்குல பலூன்கள். இருவர் ஒரே சமயத்தில் சுடுவார்கள். தொடக்கத்தில் எல்லோரும் சினிமாவில் பார்த்தபடி இடுப்பளவிலிருந்தே ஒற்றைக் கையால் சுட்டார்கள், தவறவிட்டார்கள், மீண்டும் மீண்டும் சுட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் காவல் துறையின் ஜாக் வீவர், துப்பாக்கியை இரு கைகளாலும் பிடித்து, கண்ணளவுக்கு உயர்த்தி, குறி பார்த்துச் சுட்டு 1959இல் வென்றார். கண நேரம் தாமதமானாலும் முதல் குண்டே படும் என்பது அவர் கணக்கு. ‘வீவர் நிலை’ என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுவது அதுதான். கூப்பரின் வழி மேலும் விரிந்து, பெற்ற புள்ளியை எடுத்த நேரத்தால் வகுக்கும் காம்ஸ்டாக் கணக்கைப் பெற்றது. 1976இல் மிசௌரியின் கொலம்பியாவில் கூடிய மாநாட்டில் சர்வதேசப் பிராக்டிகல் சுடுதல் கூட்டமைப்பு பிறந்தது. ஒரே ஆசையிலிருந்து கிளம்பிய இரண்டு மரபுகள், குறியின் தூரமும் குண்டின் பொருளும் மாறியதால் இரண்டு வேறு கைகளை வளர்த்தன. சில அடி தூரத்துப் பலூனுக்கு இடுப்பிலிருந்து சுடுவதே அறிவு; 7 கஜத்துக்கு நிஜக் குண்டு என்றால் கண்ணளவே அறிவு. எது உண்மையான சுடுதல் என்று கேட்பதை விட, எந்த விதி எந்தத் திறமையை வளர்க்கிறது என்று கேட்பதே பயன் தரும். வீவரின் வெற்றி கூப்பரின் மறுப்பை நிரூபித்ததாகத் தோன்றலாம். உண்மையில் அது நிரூபித்தது, போட்டி அமைப்பு கையை வடிக்கிறது என்பதைத்தான்.

இனி, அதிகம் பேசப்படாத, ஆனால் என் வாதத்துக்கு மையமான செய்திக்கு வருகிறேன்: நேரப் பங்கீடு. 64 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், ஐந்து சுடுதலில் மூன்றை வென்றவர் ஓர் ஆட்டத்தை வெல்வார், வரிசைக்கு அழைப்பது முதல் துப்பாக்கியைக் காலி செய்து விலகுவது வரை ஓர் ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை தோற்றால் வெளியே என்ற முறையில் 63 ஆட்டங்கள். இருவர் அருகருகே நின்று சுடும் ஜோடித் தடம் ஒன்றே ஒன்று இருந்தால்கூடச் சுமார் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் 32 பேர், பல நூறு மைல் பயணம் செய்து வந்தவர்களாக இருந்தாலும், மூன்று நிமிடத்தில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டும் என்றால் 2,016 ஆட்டங்கள்; நாளுக்கு எட்டு மணி நேரம் சுட்டாலும் கிட்டத்தட்ட 13 நாள். முதலாவதில் சிக்கனம் உண்டு, நியாயம் குறைவு. இரண்டாவதில் நியாயம் உண்டு, நடத்தவே முடியாது. 2002இல் அமெரிக்காவில் உருவான கௌபாய் ஃபாஸ்ட் டிரா சங்கத்தின் போட்டிகளில் புழங்கும் முறை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் பெயருக்கு எதிரே ஒரு ‘எக்ஸ்’ குறி. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் ஜோடிகள் சீட்டுக் குலுக்கலில் சேரும். வரம்பு மூன்று தோல்வி என்றால் மொத்த ஆட்டங்கள் எத்தனை என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒவ்வோர் ஆட்டமும் ஒரே ஒரு தோல்வியை உண்டாக்குகிறது. 63 பேர் தலா மூன்று முறை தோற்க வேண்டும். வெற்றியாளர் அதிகபட்சம் இரண்டு முறை தோற்றிருக்கலாம். ஆகவே 189 முதல் 191 ஆட்டங்கள். ஒரு ஜோடித் தடத்தில் ஒன்பதரை மணி நேரம். இரண்டு ஜோடித் தடங்கள் இருந்தால், ஒரே நேரத்தில் நடத்த முடியாத கடைசி ஆட்டங்களைச் சேர்த்தாலும், ஒரு பகல் போதும்.

இந்தக் கணக்கின் அழகு, நடத்துபவர் கையில் ஒரு திருகாணியைக் கொடுப்பதில் இருக்கிறது. மழை எதிர்பார்க்கப்பட்டால், பகல் குறுகிய காலமாக இருந்தால், தளம் மாலைக்குள் ஒப்படைக்கப்பட வேண்டியிருந்தால், தோல்வி வரம்பை மூன்றிலிருந்து இரண்டாக வைத்தால் போதும். ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வரம்பு போட்டிக்கு முன்பே அறிவிக்கப்படுவதால் யாருக்கும் தனியாகப் பாதகம் இல்லை. மூன்று தோல்வி முறையில் மிகப் பலவீனமான போட்டியாளர்கூட மூன்று ஆட்டம் ஆடி, குறைந்தது ஒன்பது முறை சுட்டுவிட்டுத்தான் போவார். இதைக் காட்டிலும் வியப்பான எண் ஒன்று உண்டு. 190 ஆட்டங்களில் ஆட்டத்துக்குச் சராசரி நான்கு சுடுதல், ஒவ்வொன்றும் அரை விநாடி என்றால், அந்தப் பகல் முழுதும் உண்மையில் சுட்ட நேரம் 380 விநாடி; ஏழு நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று? வரிசைக்கு அழைப்பது, கண் கவசமும் காதடைப்பும் சரிபார்ப்பது, தோட்டா நிரப்புவது, விளக்கு எரியுமுன் துப்பாக்கி அசைந்ததா என்று கை நடுவர் உற்றுப் பார்ப்பது, முடிவை எழுதுவது, காலியான துப்பாக்கியைக் காட்டிவிட்டு விலகுவது. இவை வீணான நேரம் என்று தோன்றலாம். அந்த ஏழு நிமிடத்தில் யாருக்கும் காயம் படாமலும், யாருக்கும் அநியாயம் நேராமலும் காத்து நிற்பது இந்த மீதி நேரம்தான்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஒரே சுடுதலில் முடிவு என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஐந்தில் மூன்று, மூன்று தோல்வி என்றெல்லாம் நீட்டினால் பதற்றம் போய்விடும், தெருவில் நின்றவனுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைத்ததா என்று கேட்பார்கள். பதற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் போட்டி என்பது பதற்றத்துக்காக மட்டும் நடப்பதில்லை. சிறந்தவர் யார் என்று அறியவும் நடக்கிறது. ஒரு போட்டியாளர் எந்த எதிராளியையும் ஒரு தனிச் சுடுதலில் 100க்கு 60 முறை வெல்லக்கூடியவர் என்று கொள்வோம். ஒரே சுடுதலில் முடிவு என்றால் அவர் 40 முறை தோற்பார். ஐந்தில் மூன்று என்றால் அவர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 68 ஆக உயர்கிறது. அப்போதும் 64 பேர் கொண்ட ஒரு தோல்வி முறையில் அவர் தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்றாக வேண்டும். அதற்கான வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 10தான். அதாவது களத்தில் எல்லோரையும் விடத் தெளிவாகச் சிறந்தவரும் பத்தில் ஒன்பது முறை பட்டம் இல்லாமல் திரும்புவார். அரை விநாடி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் கை அவ்வளவு நீளம். அதைக் குட்டையாக்க ஒரே வழி வாய்ப்புகளைப் பெருக்குவது. வாய்ப்புகளைப் பெருக்கச் சுடுதள நேரம் வேண்டும். ஆகவே நேரத்தைப் பங்கிடத் தெரிந்தவரே நீதி வழங்கத் தெரிந்தவர். தெருவில் நின்றவனுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பது சரி. அவனுக்குப் பட்டமும் இல்லை. பிழைத்தவன் சிறந்தவனா என்று யாரும் சோதித்ததும் இல்லை.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது. மூன்றிலும் கனமானது அதுவே. ஆளைக் கொல்லும் காட்சியை விளையாட்டாக்கலாமா, அதுவும் துப்பாக்கியால் இத்தனை உயிர் போகும் ஒரு நாட்டில்? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். மெழுகுக் குண்டு சுடுவதால் அமெரிக்காவின் துப்பாக்கித் துயரம் தீராது; பொய்யான ஒரு வீரக் கதைக்கு இந்த விளையாட்டு தொடர்ந்து ஆடை உடுத்துகிறது என்பதும் மறுக்க முடியாதது. ஆனாலும் வாள்வீச்சும் வில்வித்தையும் நம் சிலம்பமும் வந்த பாதை இதுதான் என்பதை நினைக்க வேண்டும். கொல்லும் கருவி, புள்ளிக் கணக்குக்கும் நடுவருக்கும் கட்டுப்பட்ட பிறகே கலையாயிற்று. ஃபாஸ்ட் டிராவின் வளர்ச்சியில் ஒவ்வொரு விதியும் கொலையிலிருந்து ஓரடி விலக்கிக்கொண்டே வந்தது. மனிதன் இருந்த இடத்தில் தகடு வந்தது, ஈயத்தின் இடத்தில் மெழுகு, கோபத்தின் இடத்தில் விளக்கு, ஒரே தோல்வியின் இடத்தில் மூன்று. பாதுகாப்பு முதலில், மகிழ்ச்சி அடுத்து, போட்டி அதற்கும் அடுத்து என்று கௌபாய் ஃபாஸ்ட் டிரா சங்கம் தன் கொள்கையை வரிசைப்படுத்தியிருக்கிறது; அந்த வரிசை தெருச் சண்டைக் கதையை நேர் எதிராகத் திருப்பிப் போடுகிறது.

ஆகவே இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதும்போது வேகமான கைகளின் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது போதாது. வூலம் வைத்த கடிகாரமும், டெவில்லர்ஸின் மெழுகும், வீவர் வென்ற பலூன் தூரமும், பெயருக்கு எதிரே விழும் ‘எக்ஸ்’ குறியும் அந்த வரலாற்றின் முதன்மை ஆவணங்கள். நம் ஊரில் கபடியோ சிலம்பமோ துப்பாக்கி சுடுதலோ, எந்தப் போட்டியை நடத்துபவராக இருந்தாலும், கோப்பைக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது ஆட்ட அட்டவணைக்குச் செலவிட வேண்டும். தொலைவிலிருந்து வந்தவர் மூன்று நிமிடத்தில் திரும்பிப் போகாமலும், சிறந்தவர் ஒரு கண நேரத் தவறால் பட்டத்தை இழக்காமலும், யாரும் காயத்தோடு வீடு போகாமலும் பார்த்துக்கொள்வது அந்த ஒரு தாள்தான்.